தனியார் பள்ளியில் சேர்த்தால் ஃபென்சிங் கோச் தேடி வருவாரா?

பெர்கன்காரன் | 2025 ஆகஸ்ட் 9

நியூஜெர்சியில் இருக்கிறோம். எங்கள் பையன் செப்டம்பரில் எட்டாம் வகுப்பு. மூன்று வருடமாக ஃபென்சிங் (வாள்வீச்சு), அதன் மூன்று வாள் வகைகளில் எப்பே. பக்கத்து ஊரில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. வருடக் கட்டணம் 48,000 டாலர். ஃபென்சிங் அணி உண்டு, வரவேற்பறை முழுக்கக் கோப்பைகள். ஒன்பதாம் வகுப்பில் அங்கே சேர்த்துவிட்டால் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களின் கோச்சுகள் தாமே தேடி வருவார்கள் என்று கிளப்பில் ஓர் அப்பா அடித்துச் சொல்கிறார். அரசு நடத்தும் எங்கள் ஊர் பப்ளிக் ஸ்கூலும் நல்ல ஸ்கூல்தான், அங்கேயும் அணி இருக்கிறது. பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 9, இரவு

தேடி வர மாட்டார்கள்.

இதே பேச்சை நம்பித்தான் நாலு வருடத்துக்கு முன் என் மகளைத் தனியார் பள்ளியில் போட்டேன். அவளும் எப்பேதான். அந்த நாலு வருடத்தில் பள்ளிப் போட்டி பார்க்க வந்த கல்லூரிக் கோச்சுகளின் எண்ணிக்கை பூஜ்யம். இன்னும் இரண்டு வாரத்தில் அவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுகிறோம், வீடு முழுக்க அட்டைப்பெட்டி. நேரம் கிடைக்கும்போது விவரமாக எழுதுகிறேன்.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 10

நியூஜெர்சியில் ஃபென்சிங் பள்ளி விளையாட்டாக நடப்பதே மற்ற மாநிலக்காரர்களுக்கு அதிசயம். குளிர்காலத்தில் பள்ளிக்குப் பள்ளி மோதுவார்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் கல்லூரிக் கோச் பார்ப்பது அதை அல்ல. தேசிய அளவில் நடக்கும் நார்த் அமெரிக்கன் கப் போட்டிகள், ஜூனியர் ஒலிம்பிக்ஸ், ஜூலையில் நடக்கும் சம்மர் நேஷனல்ஸ், கேடட் (17 வயதுக்குள்) மற்றும் ஜூனியர் (20 வயதுக்குள்) பிரிவுப் புள்ளிகள், இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அங்கே உங்கள் பையன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது கிளப்பின் பெயர். பள்ளியின் பெயரை யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. என் மகளின் பள்ளி அணி எங்கள் சொந்த ஊர் பப்ளிக் ஸ்கூல் அணியிடம் இரண்டு முறை தோற்றது. வீட்டுக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடைத்த அணியிடம், காசு கொடுத்துச் சேர்ந்த அணி தோற்பதை நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். வரவேற்பறைக் கோப்பைகளைப் பற்றிச் சொல்லியிருந்தீர்களே, எந்த வருடத்துக் கோப்பை என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.

உங்கள் கிளப் அப்பா பொய் சொல்லவில்லை. வேறு விளையாட்டின் உண்மையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுகிறார். அமெரிக்கன் ஃபுட்பாலிலும் கூடைப்பந்திலும் தனியார் பள்ளிதான் சந்தை. கலிஃபோர்னியாவின் மேட்டர் டெய், ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமி, மான்ட்வெர்ட் அகாடமி இங்கெல்லாம் கோச்சுகள் வரிசையில் நிற்பார்கள். கூப்பர் ஃபிளாக் மெய்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்ப் பையன். மான்ட்வெர்டுக்குப் போனான், அங்கிருந்து டியூக் பல்கலைக்கழகம், 2025-இல் என்பிஏ தொழில்முறைக் கூடைப்பந்துத் தேர்வில் முதல் ஆள். ஃபுட்பால் அப்பாவுக்குத் தனியார் பள்ளி என்றால் அதுதான் மனதில் ஓடும்.

அந்தச் சந்தையிலும் போலிச் சரக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் பிஷப் சைகமோர் என்ற பள்ளியின் பெயரில் ஒரு ஃபுட்பால் அணி இஎஸ்பிஎன் நேரடி ஒளிபரப்பில் ஐஎம்ஜி அகாடமியிடம் 58-0 என்று தோற்றது. அப்புறம்தான் அப்படி ஒரு பள்ளி உண்மையில் இருக்கிறதா என்றே எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். சுவரில் கோப்பை மாட்டுவதற்குச் சுவராவது வேண்டும்.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 10, பின்னிரவு

ஒரு திருத்தம். மேலே நான் எழுதியது ஃபென்சிங்குக்கு மட்டும். ஸ்குவாஷ், படகுப்போட்டி, ஐஸ் ஹாக்கி, லக்ராஸ் என்றால் கதை வேறு. நியூ இங்கிலாந்தின் (வடகிழக்கு மாநிலங்கள்) பல விடுதிப் பள்ளிகளில் சொந்த ஐஸ் அரங்கமும் படகுத்துறையும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனைக் கூடுதலாக ஒரு வருடம் வைத்து உடம்பேற்றி அனுப்பும் ‘பிஜி வருடம்’ என்ற ஏற்பாடும் உண்டு. அங்கே பள்ளியே கிளப். எல்லாவற்றையும் ஒரே அடியில் அடித்துவிட்டேன், மன்னிக்கவும்.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 13

‘ஹார்வர்டில் விளையாட்டு வீரர்களுக்கு 86 சதவீதம் அட்மிஷன் என்கிறார்களே, அது பொய்யா’ என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்.

பொய் இல்லை. அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து ஹார்வர்ட் மேல் போட்ட வழக்கில் வெளிவந்த கணக்கு அது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையை எடுத்துவிட்டது. விளையாட்டுச் சலுகையை யாரும் தொடவில்லை, அது அப்படியே இருக்கிறது. அந்தத் தரவை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரையில் இன்னொன்றும் வந்தது: அனுமதி பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதம் பேர் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்கள், ஊழியர்களின் பிள்ளைகள், டீனின் தனிப் பட்டியலில் (நன்கொடையாளர் குடும்பம் போன்றவை) இருந்தவர்கள் ஆகிய நான்கு வகையில் ஒன்றில் அடங்கியவர்கள்.

நானும் அந்த 86-ஐப் பார்த்துத்தான் மயங்கினேன். நூற்றுக்கு எண்பத்தாறு! எங்கள் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர் தேர்வுக்கே இவ்வளவு நம்பிக்கையோடு போனதில்லை. அந்த எண் யாருடையது என்று பிற்பாடுதான் புரிந்தது. கோச் தன் பட்டியலில் எழுதி, அட்மிஷன் அலுவலகம் மதிப்பெண்ணை முன்கூட்டியே பார்த்துத் தலையாட்டி, அதற்குப் பிறகு விண்ணப்பித்தவர்களின் கணக்கு அது. வடிகட்டுவது முந்தின கோடையிலேயே முடிந்துவிடும். அங்கே விழுந்தவர்கள் இந்த 86-க்குள்ளும் இல்லை, மிச்சம் 14-க்குள்ளும் இல்லை. என் மகள் மாதிரி.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 16

கோச்சுகள் எப்போது பேச ஆரம்பிப்பார்கள் என்று தேதிகளைக் கேட்டிருந்தீர்கள். என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது. முதல் பிரிவுக் கல்லூரிக் கோச்சுகள் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை பிள்ளைகளிடம் பேசக் கூடாது. அதற்கடுத்து ஆகஸ்ட் 1-லிருந்து கல்லூரிச் செலவில் கூப்பிட்டுச் சுற்றிக்காட்டலாம்.

2023 ஜூன் 14 இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. சிவராத்திரி மாதிரி. மகள் போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி பஜ்ஜி போட்டாள். 12:04-க்கு முதல் செய்தி வந்தது. விடிவதற்குள் ஏழு. நான் எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றி, பக்கத்தில் பச்சை நிறம் அடித்து, ஊரில் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் நிதானமாகப் படித்தால் ஐந்து செய்திகளின் கடைசிப் பத்தி ஒன்றுதான்: எங்கள் கோடை முகாமுக்கு வாருங்கள், கட்டணம் இவ்வளவு. கிளப்பில் விசாரித்தால் அதே செய்தி பதினோரு பேருக்கு வந்திருக்கிறது. ஒரு பையனுக்கு வேறு ஒருவன் பெயரைப் போட்டு.

முகாம் அழைப்பு விளம்பரம். அதற்குப் பச்சை நிறம் அடிக்காதீர்கள்.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 17

நேற்றைய தேதிக் கணக்கில் இரண்டு ஓட்டை. ஒன்று, ஜூன் 15 தடை கோச்சுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. பையன் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், பதில் மட்டும் வராது. அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். இரண்டு, மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது, முன்பே பேசுவார்கள். இதை நான் கவனிக்காததற்குக் காரணம், மூன்றாம் பிரிவு என்ற சொல்லைக் கேட்டதும் மூன்றாம் தரம் என்று காதில் விழுந்ததுதான். ரயில்வே புத்தி. எம்ஐடியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் ஃபென்சிங்கில் மூன்றாம் பிரிவு என்று மகள்தான் தலையில் குட்டினாள்.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 25

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாயிற்று. ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மட்டும் வாள் பையை எடுத்துக்கொண்டாளா என்று மூன்று முறை கேட்டேன். கல்லூரியே புதுப் பை கொடுக்கிறதாம். பழசு எங்கள் கராஜிலேயே கிடக்கிறது.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெயரெல்லாம் வேண்டாம்.

2024 ஜூலையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கோச் மகளின் மதிப்பெண் பட்டியலும் எஸ்ஏடி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் கேட்டார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். கோச் அட்மிஷன் அலுவலகத்தில் காட்டி, இந்தப் பிள்ளை படிப்பில் தாங்குமா என்று கேட்டுக்கொள்வார். ஐவி லீக்கில் இதற்கு அகடமிக் இண்டெக்ஸ் என்று ஒரு எண்ணே இருக்கிறது. வீரர்களின் சராசரி மற்ற மாணவர்களின் சராசரியிலிருந்து ரொம்பக் கீழே போய்விடக் கூடாது என்பதற்காக. மகளுக்குப் பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. கோச் போனில், “எங்களுக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது” என்றார். செப்டம்பரில் வரச்சொன்னார். போனோம், அணிப் பெண்களோடு ஓர் இரவு தங்கினாள், டி-ஷர்ட் கொடுத்தார்கள்.

போவதற்கு முன் மகள் என்னிடம், “அப்பா, எனக்காக ஒரு ஸ்லாட் ஒதுக்குவீங்களான்னு நேரா கேட்டுடட்டுமா?” என்றாள். நான் வேண்டாம் என்றேன். பெரிய மனிதர், இவ்வளவு அன்பாகப் பேசுகிறார், முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று சொன்னேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் சம்மதமா என்று வாசலிலேயே கேட்கலாமா, அந்தக் கணக்கு எனக்கு.

செப்டம்பர் கடைசி வாரம் போன் வந்தது. இந்த வருடம் பெண்கள் எப்பேயில் அவருக்கு ஒரே ஒரு இடம், அதை வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். மகளைப் பொது வழியில் விண்ணப்பிக்கச் சொன்னார், கிடைத்தால் அணியில் சேர்த்துக்கொள்வாராம். அவர் எங்களை ஏமாற்றவில்லை. பிடித்திருக்கிறது என்றார், பிடித்திருந்தது. இடம் தருகிறேன் என்று அவர் எப்போதும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஜூலையிலேயே மழுப்பியிருப்பார், மழுப்பலிலிருந்து புரிந்துகொண்டு வேறு பக்கம் போயிருப்போம். இரண்டு மாதம் போனது.

இப்போது அவள் இருக்கும் கல்லூரியின் கோச்சுக்கு அதற்கு முந்தின வருடம் நான் பதில்கூட எழுதவிடவில்லை, மூன்றாம் பிரிவு என்பதால். அக்டோபர் முதல் வாரம் மகள் தானே எழுதினாள். மறுநாளே கூப்பிட்டார். இந்த முறை என்னைக் கேட்காமல் அவளே கேட்டுவிட்டாள்: உங்கள் ஆதரவுப் பட்டியலில் என் பெயர் இருக்குமா? இருக்கும் என்றார். கட்டாயம் சேருகிறேன் என்று கையெழுத்திடும் ஏர்லி டிசிஷனில் போட்டாள். டிசம்பரில் வந்தது.

மேலமாசி வீதி | 2025 ஆகஸ்ட் 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மகள் அனுப்பிய ஒரே செய்தி: “டி-ஷர்ட்டை நீங்கதான் இன்னும் போட்டுக்கிட்டு வாக்கிங் போறீங்க.”

உண்மை. நல்ல பருத்தி.

மேலமாசி வீதி | 2025 செப்டம்பர் 3

‘எல்லாம் பணம்தான், கோச்சுக்குக் கொடுத்தால் வேலை முடியும்’ என்று எழுதியவருக்கு.

கொடுத்தார்கள், பிடிபட்டார்கள். 2019 மார்ச்சில் வெளிவந்த வார்சிட்டி புளூஸ் வழக்கில் ரிக் சிங்கர் என்ற தரகர் செய்தது இதைத்தான். யேலில் கால்பந்துக் கோச், ஸ்டான்ஃபோர்டில் பாய்மரப்படகுக் கோச், ஜார்ஜ்டவுனில் டென்னிஸ் கோச். படகையே தொடாத பெண்களை உடற்பயிற்சி எந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்துப் படகோட்டி என்று அனுப்பினார்கள். சிங்கருக்கு மூன்றரை வருடச் சிறை. இதெல்லாம் நடந்ததற்குக் காரணம், கோச் ஒரு பெயரை எழுதினால் அந்தப் பிள்ளைக்கு உண்மையில் விளையாட வருமா என்று மேலே யாரும் சரிபார்க்காததுதான்.

நம் விளையாட்டிலும் ஒன்று உண்டு. ஹார்வர்ட் ஃபென்சிங் கோச் பீட்டர் பிராண்ட், சுமார் 5.5 லட்சம் டாலர் மதிப்பிடப்பட்ட தன் வீட்டை 2016-இல் ஒரு ஃபென்சிங் அப்பாவுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலருக்கு விற்றார். பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து எடுத்தது, லஞ்ச வழக்கும் வந்தது. ஆனால் 2022 டிசம்பரில் ஜூரி கோச், அப்பா இருவரையும் விடுவித்துவிட்டது. அந்த அப்பாவின் பையன்கள் உண்மையிலேயே நன்றாக விளையாடுபவர்கள் என்பது அவர்கள் தரப்பு வாதம். ஆகவே லஞ்சம் என்று எழுதாதீர்கள். அந்த வீட்டைப் பற்றி எங்கள் கிளப்பில் பேசாத பெற்றோர் கிடையாது என்பது வேறு விஷயம்.

சட்டப்படி செலவாகும் பணமே போதும் என்பது என் கட்சி. வெளியூரில் ஒரு தேசியப் போட்டி என்றால் டிக்கெட், ஓட்டல், நுழைவுக் கட்டணம், கோச்சின் பங்கு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,500 டாலருக்குக் குறைந்ததே இல்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போயும்! வாள் பையில் முகமூடிக்குள் புளிசாத டப்பாவை வைத்தது ஒருமுறை மூடி திறந்துகொண்டது. அந்தப் போட்டி முழுக்க அவள் முகமூடியில் பெருங்காய வாசம். எதிராளிகள் தள்ளியே நின்றார்கள், நல்ல முடிவு வந்தது.

மேலமாசி வீதி | 2025 செப்டம்பர் 21

சென்னையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார், அங்கிருந்து ஃபென்சிங் வழியாக வர முடியுமா என்று. முடியும். பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், நோட்ரடேம், செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர், விளையாட்டு உதவித்தொகையும் உண்டு. ஐவியிலும் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையவே கிடையாது. பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான்.

அங்கே பவானி தேவி இருக்கும்போது தைரியத்துக்கு என்ன குறை? சென்னைப் பள்ளியில் வாளைப் பிடித்து, டோக்கியோவில் ஒலிம்பிக் ஃபென்சிங்குக்குப் போன முதல் இந்தியர். அவர் வாள் சேபர். சேபரிலும் ஃபாயிலிலும் யார் முதலில் தாக்கினார் என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எப்பேயில் அந்தத் தகராறு இல்லை, இருவரும் ஒன்றாகத் தொட்டால் இருவருக்கும் புள்ளி. நடுவரோடு மல்லுக்கு நிற்கும் அப்பாக்களுக்கு எப்பே உத்தமம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங் விளையாட்டுக் கோட்டா மாதிரி இதை நினைக்காதீர்கள். அங்கே சான்றிதழுக்கு மதிப்பெண், பட்டியல் வரும், உங்கள் எண் என்னவென்று தெரியும், குறை இருந்தால் சண்டை போடலாம். இங்கே பட்டியல் ஒருவர் மண்டைக்குள் இருக்கிறது. அதுவும் ஆயுதவாரியாக. ஆண், பெண் இரு அணி, மூன்று ஆயுதம், தேசியப் போட்டிக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆயுதத்துக்கு இரண்டு பேருக்கு மேல் போக முடியாது. அவரிடம் இருக்கும் எப்பேக்காரிகள் இரண்டாம் வருடம் படித்தால் உங்கள் பெண் எவ்வளவு கெட்டி என்றாலும் அந்த வருடம் அவருக்குத் தேவை சேபராக இருக்கலாம். கல்லூரி அணியின் பெயர்ப்பட்டியல் இணையதளத்திலேயே இருக்கிறது. யார் எப்போது படிப்பை முடிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் இதைச் செய்தது எல்லாம் முடிந்த பிறகு.

மேலமாசி வீதி | 2025 அக்டோபர் 12

தனியார் பள்ளியால் ஒரு பயனும் இல்லை என்று தொனிக்கும்படி எழுதிவிட்டேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன், நியாயம்தான்.

மகளின் பள்ளியில் கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் கவுன்சிலருக்கு ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள்கூட இல்லை. நாடு முழுக்கச் சராசரி ஒரு கவுன்சிலருக்கு 350 மாணவர்களுக்கு மேல். ஜூலையில், கோடை விடுமுறையில், மதிப்பெண் பட்டியல் கேட்டால் அன்று மாலையே அனுப்பினார். செப்டம்பரில் கோச் கைவிட்டபோது அந்த அம்மையார்தான் மகளை உட்காரவைத்துப் புதுப் பட்டியல் போட்டார். வெள்ளிக்கிழமை போட்டிக்குப் போனால் பள்ளியில் யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் தெருவில் பப்ளிக் ஸ்கூலில் படித்த சேபர் பையன் ஒவ்வொரு லீவுக்கும் கடிதம் எழுதி அலைந்தான். அவன் இப்போது முதல் பிரிவில் ஆடுகிறான், அது வேறு. அவன் அம்மாவுக்கு அந்த அலைச்சலுக்கு நேரம் இருந்தது, எங்கள் இருவருக்கும் இல்லை. நாங்கள் அந்த நேரத்தைத்தான் விலைக்கு வாங்கியிருக்கிறோம் போல. கொஞ்சம் அதிக விலை.

மேலமாசி வீதி | 2025 அக்டோபர் 13

இன்னொன்று விட்டுப்போயிற்று. பையனை நாலு வருடம் தயார்செய்வீர்கள், அதற்குள் அணியே இல்லாமல் போகலாம். 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் ஃபென்சிங் உட்பட 11 விளையாட்டுகளை மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்து மறு வருடம் பின்வாங்கியது. பிரௌன் பல்கலைக்கழகம் அதே வருடம் ஃபென்சிங்கை கிளப்பாக இறக்கியது. பெண்கள் அணி மட்டும் வழக்குச் சமரசத்தில் திரும்பியது, ஆண்கள் அணி திரும்பவில்லை. இப்போது வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் வந்த சமரசத் தீர்ப்பால் பெரிய கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாக வருடம் 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்கலாம். அந்தப் பணம் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும், வாளுக்கு வராது. அணியில் இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பும் வந்திருக்கிறது. ஐவி லீக் இதில் சேரவில்லை.

பெர்கன்காரன் | 2025 நவம்பர் 29

முடிவெடுத்துவிட்டோம். ஊர் பப்ளிக் ஸ்கூல்தான். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு கிளப்புக்கு. பையன் நேற்று சி ரேட்டிங் (ஏ முதல் இ வரை உள்ள தரத்தில் நடு) வாங்கினான். கிளப் கோச்சிடம், “நான் எங்கே நிற்கிறேன், நேரா சொல்லுங்க” என்று கேட்டான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் பதிவைப் படித்திருப்பான் போல.

மேலமாசி வீதி | 2025 நவம்பர் 30

பதின்மூன்று வயதில் சி என்றால் நல்ல கெட்டி. கோச் என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லையே?

மகள் தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்திருந்தாள், இன்று கிளம்பிவிட்டாள். முதல் இரண்டு போட்டி நாளில் ஒன்பது ஆட்டம், நாலு வெற்றி. கராஜில் அந்தப் பழைய வாள் பை இன்னும் கிடக்கிறது. ஒரு சக்கரம் நேராக ஓடாது, இடதுபக்கம் இழுக்கும். பெருங்காய வாசம் அநேகமாகப் போய்விட்டது. வேண்டுமானால் சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பையனையும் கூட்டி வாருங்கள், அவனுக்குத் தோதான உயரமா என்று பார்த்துவிடலாம்.